வானிலை ஆய்வு நிரல்களும் குடிமராமத்தும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

முன்னுரை

மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக் கேட்ட காலம் போய், கைப்பேசியைப் பார்த்துக் கேட்கும் காலம் வந்துவிட்டது. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றியவுடனே, அது எங்கே கரையைக் கடக்கும், எவ்வளவு மழை தரும் என்ற செய்தி நம் வீடு தேடி வருகிறது. இச்செய்திக்குப் பின்னால் செயற்கைக்கோள்களும், ராடார்களும், பெருங்கணிப்பொறிகளும் இருப்பதை நாம் அறிவோம். இம்மூன்றையும் இயங்கச் செய்யும் நான்காவது பொருள் ஒன்று உண்டு. அதுவே நிரல். கண்ணுக்குப் புலப்படாததால் அதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வானிலை ஆய்வுக்குரிய நிரல்களுள் பல, உலகத்தார் எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளவும், படித்துப் பார்க்கவும், திருத்திக்கொள்ளவும் உரிமை பெற்றவை. இவற்றைத் திறந்த மூல நிரல்கள் என்பர். இவற்றை உண்டாக்கியவர்களைப் பற்றிப் படிக்க நூல்கள் உள்ளன. உண்டாக்கிய பின் ஆண்டுதோறும் கெடாமல் காத்து வருபவர்கள் யார் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. இக்கேள்வி எனக்கு நூல்களிலிருந்து எழவில்லை. என் திட்டக் கட்டுரை பாதியில் நின்றபோது எழுந்தது.

நின்றுபோன நிரல்

எங்கள் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை நூற்றாண்டுக் காலத்தில் எவ்வாறு ஏறி இறங்கியுள்ளது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். இந்திய வானிலை ஆய்வுத் துறை, நாட்டின் பரப்பைக் கால் பாகை இடைவெளியுள்ள கட்டங்களாகப் பிரித்து, 1901 முதல் ஒவ்வொரு நாளின் மழையளவையும் கணக்கிட்டு எல்லோருக்கும் வழங்குகிறது. கிழக்கு மேற்காக 135 புள்ளிகள். தெற்கு வடக்காக 129 புள்ளிகள். ஆக, ஒரு நாளுக்கு 17,415 எண்கள். ஓராண்டுக்கு அறுபது இலட்சத்துக்கும் மேல். இதனைக் கையால் கூட்டிக் கழிக்க எவராலும் இயலாது.

எங்கள் துறையில் ஆறு ஆண்டுகளுக்கு முன் பயின்ற அண்ணன் ஒருவர், இதே வேலைக்காகப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதி வைத்துச் சென்றிருந்தார். அதைப் பேராசிரியர் என்னிடம் கொடுத்தபோது, பாதி வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். ஆய்வகத்தின் புதிய கணிப்பொறியில் இட்டுப் பார்த்தால், பத்தாவது வரியிலேயே நின்றுவிட்டது. அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன். "எனக்கு நன்றாகத்தானே ஓடியது தம்பி! நான் அதைத் தொட்டு வருஷம் அஞ்சாச்சே" என்றார் அவர். அவர்மீது குற்றமில்லை. அவர் எழுதியது சரியாகவே இருந்தது. அதன் கீழே இருந்த நிலந்தான் நகர்ந்துவிட்டது.

நான்கு நாள் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. ஒரே ஒரு சொல்! எண்களைக் கையாளுவதற்கு 'நம்பை' என்னும் நிரல்தொகுப்பை உலகமெங்கும் பயன்படுத்துகின்றனர். அதில் தசம எண்ணைக் குறிக்க 'என்பி.ஃப்ளோட்' என்று எழுதும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அது குழப்பம் தருகிறதென்று, 2021-இல் வெளிவந்த பதிப்பில், இனி இவ்வாறு எழுதவேண்டா என எச்சரித்தனர். 2022 டிசம்பரில் வந்த 1.24ஆம் பதிப்பில் அதை அறவே நீக்கினர். அண்ணனின் நிரலில் அச்சொல் ஏழு இடங்களில் இருந்தது. மாற்றியவுடன் நிரல் ஓடியது. கட்டுரை ஒப்படைக்க அப்போது ஒன்பது நாட்களே மீதம் இருந்தன.

வானிலை ஒரு கணக்கு

வானிலைக்கும் நிரலுக்கும் உள்ள உறவைச் சற்று விளக்குவது பொருந்தும். காற்று இயங்கும் விதம் நியூட்டனின் விதிகளுக்கும், வெப்பவியல் விதிகளுக்கும் உட்பட்டது. இன்றைய அழுத்தம், வெப்பம், ஈரம், காற்றின் வேகம் ஆகியவை தெரிந்தால், நாளைய நிலையைக் கணக்கிட முடிய வேண்டும். இந்த எண்ணத்தைச் செயலில் செய்து பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஊர்தி ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் நாளின் வானிலையைக் கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேர மாற்றத்தைக் கணக்கிட அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரம் பிடித்தது. கிடைத்த விடையோ, அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்பது. உண்மையில் அன்று அழுத்தம் பெரிதும் மாறவேயில்லை. ஆயினும் அவர் தம் தோல்வியை மறைக்காமல் 1922-இல் நூலாக வெளியிட்டார். வழியெல்லாம் விளங்க எழுதியிருந்ததால்தான், பின்வந்தோர் பிழை எங்கே என்று கண்டறிந்தனர். வேலையைத் திறந்து காட்டுவதன் பயனுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

1950-இல் சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நியூமன் ஆகியோர் எனியாக் என்னும் கணிப்பொறியில் இத்தகைய கணக்கை முதன்முதலாக வெற்றியுடன் செய்தனர். 24 மணி நேர முன்கணிப்புக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே ஆயிற்று. 2008-இல் அயர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் லிஞ்ச், ஓவன் லிஞ்ச் இருவரும் அதே கணக்கை ஒரு சாதாரண நோக்கியா கைப்பேசியில் செய்து பார்த்தனர். ஒரு நொடிகூட ஆகவில்லை. சமன்பாடு மாறவில்லை, பொறி மாறியது. பொறி மாறுந்தோறும் யாரேனும் ஒருவர் உட்கார்ந்து நிரலை அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

பொதுச் சொத்தான நிரல்கள்

இன்று உலகெங்கும் ஆய்வாளர் பயன்படுத்தும் நிரல்களுள் முதன்மையானது டபிள்யூ.ஆர்.எஃப். எனப்படும் வானிலை ஆய்வு மற்றும் முன்கணிப்பு மாதிரி. அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம், அந்நாட்டு அரசின் வானிலைத் துறை, விமானப்படை, கடற்படை ஆய்வகம், ஒக்லஹோமா பல்கலைக்கழகம் முதலியவை 1990களின் பிற்பகுதியில் கூடித் தொடங்கிய முயற்சி இது. 2000-இல் முதற்பதிப்பு வெளிவந்தது. பெரும்பாலும் ஃபோர்ட்ரான் மொழியில், பல இலட்சம் வரிகளில் எழுதப்பட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 30,000-க்கும் மேற்பட்டோர் இதைப் பெறப் பதிவு செய்துள்ளனர். நம் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இதைப் பயன்படுத்தியுள்ளது.

அடுத்தது 'நெட்சிடிஎஃப்' என்னும் கோப்பு அமைப்பும், அதைப் படிக்கும் நிரல்களும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரிலுள்ள யுனிடேட்டா நிலையம் 1980களின் இறுதியில் இதனை உருவாக்கியது. இதன் அருமையை நான் ஒரு பிழையால் அறிந்தேன். அண்ணனின் நிரல் நின்றிருந்த நாட்களில், நானே ஒன்று எழுதி, மழைத் தரவை வெறும் எண்களாக வைத்திருக்கும் இருமக் கோப்பைப் படித்தேன். எங்கள் கடலோரத்தின் நவம்பர் மாதச் சராசரி மழை, கழித்தல் குறியுடன் வந்தது. "மழை பூஜ்யத்துக்குக் கீழேயும் பெய்கிறதா?" என்று பேராசிரியர் சிரித்தார். கடல்மேல் உள்ள புள்ளிகளுக்குத் தரவு இல்லை என்பதைக் காட்ட -999 என்று குறித்திருந்தனர். நான் அதையும் மழையாக எண்ணிக் கூட்டிவிட்டேன். நெட்சிடிஎஃப் கோப்பில் இந்த எண் மழை, இதன் அலகு மில்லிமீட்டர், இவை அட்சரேகைகள், இந்த எண் வந்தால் தரவு இல்லை என்று பொருள் என்பன யாவும் கோப்பினுள்ளேயே எழுதப்பட்டிருக்கும். சாமான் டப்பாவின்மேல் பெயர் ஒட்டி வைப்பது போன்றது இது. ஒட்டாவிட்டால் உப்பு எது, சர்க்கரை எது என்று வாயில் போட்டுத்தான் அறிய வேண்டும்.

மூன்றாவதாக 'மெட்பை' என்னும் தொகுப்பைச் சொல்லலாம். ஒக்லஹோமா பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவர் தம் தேவைக்காக 2008-இல் எழுதத் தொடங்கியது, பின்னர் யுனிடேட்டாவின் பொறுப்பில் வளர்ந்து, 2020 டிசம்பரில் 1.0 பதிப்பாக வெளிவந்தது. பனிநிலை, ஈரப்பதம், காற்றின் சுழற்சி போன்றவற்றை இது கணக்கிடும். இது ஒவ்வொரு எண்ணோடும் அதன் அலகைச் சேர்த்தே வைத்துக்கொள்ளும். மீட்டரோடு செல்சியசைக் கூட்டச் சொன்னால் மறுத்துவிடும். அலகுக் குழப்பத்தால் என்ன நேரும் என்பதற்கு, 1999 செப்டம்பரில் செவ்வாயை அடையும் வேளையில் அழிந்த அமெரிக்க விண்கலமே சான்று. அங்கே ஒரு பிரிவினர் பவுண்டிலும் மற்றொரு பிரிவினர் நியூட்டனிலும் கணக்கிட்டிருந்தனர்.

நிரல் ஏன் பழுதாகிறது?

இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுத்துப்போகும். எழுத்தால் ஆன நிரல் ஏன் பழுதாக வேண்டும்? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, பொறியும் அதன் அடிப்படை அமைப்பும் மாறுகின்றன. இரண்டாவது, ஒரு நிரல் பல நிரல்களின்மேல் நிற்கிறது. மெட்பை நம்பையின்மேலும், நம்பை பைத்தான்மேலும் நிற்கின்றன. கீழே ஒரு கல் அசைந்தால் மேலுள்ளவை யாவும் ஆடும். என் திட்டத்தில் நேர்ந்தது இதுவே. மூன்றாவது, அறிவியலே வளர்கிறது. முகில் எவ்வாறு மழையாகிறது என்பதில் புதிய உண்மை தெரியுந்தோறும் பழைய பகுதியை மாற்ற வேண்டும்.

இவ்வாறு மாற்றுவது எளிதன்று. எட்வர்ட் லோரென்ஸ் 1961-இல் தம் கணிப்பொறியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கி இட்டார். சிறிது நேரத்தில் முற்றிலும் வேறான வானிலை வந்தது. ஒரே மாதிரியை, ஒரே தொடக்கத் தரவோடு, வெவ்வேறு கணிப்பொறிகளிலும் வெவ்வேறு மொழிமாற்றிகளிலும் ஓட்டினால் விடைகள் நாளடைவில் விலகிச் செல்கின்றன என்று 2013-இல் தென்கொரிய ஆய்வாளர் எழுதிய கட்டுரை காட்டுகிறது. ஆகவே ஒரு வரியை மாற்றுபவர், விடை மாறியது தம் திருத்தத்தாலா, பிழையாலா, வளிமண்டலத்தின் இயல்பாலா என்று பிரித்தறிய வேண்டும். அதற்காக நூற்றுக்கணக்கான சோதனைகளை எழுதி வைத்து, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் ஓட்டிப் பார்க்கின்றனர். இந்த உழைப்பு எந்த ஆராய்ச்சி இதழிலும் கட்டுரையாக வருவதில்லை.

காப்பவர் யார்?

இனி நம் கேள்விக்கு வருவோம். நாம் காணும் வரைபடங்கள் பலவற்றை வரைவது 'மேட்பிளாட்லிப்' என்னும் தொகுப்பு. இதைத் தொடங்கியவர் ஜான் ஹண்டர். அவர் வானிலை அறிஞர் அல்லர். மூளை நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் படமாகக் காண்பதற்காக இதை எழுதி, 2003-இல் எல்லோருக்கும் வழங்கினார். 2012-இல், 44 வயதிலேயே புற்றுநோயால் மறைந்தார். நிரல் அவரோடு மறைந்துவிடவில்லை. மூல நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால், உடன் உழைத்தவர்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர்.

நம்பையின் கதை இன்னும் வியப்பானது. 2006-இல் 1.0 பதிப்பு வெளிவந்தது. உலகின் ஆய்வகங்கள் எல்லாம் அதை நம்பின. ஆனால் அதன் வளர்ச்சிக்கென்றே முதன்முதலாக நிதியுதவி கிடைத்தது 2017-இல்தான். இடைப்பட்ட பதினோராண்டும் அதைக் காத்தவர்கள், பெரும்பாலும் தம் சொந்த வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கியவர்கள்.

நிதி கொடுப்பவர் புதியதைக் கேட்கின்றனர். புதிய கண்டுபிடிப்புக்கே பட்டமும் பதவியும் கிடைக்கின்றன. பழையதைச் செப்பனிட்டேன் என்றால் யார் பாராட்டுவார்? இதனால் நிறுவனங்களின் ஆதரவு பெற்ற நிரல்களுக்கும் ஒரு கட்டத்தில் முடிவு வருகிறது. வானிலை வரைபடங்களுக்காகப் பல தலைமுறை மாணவர் பயன்படுத்திய என்.சி.எல். என்னும் மொழியில் புதியன சேர்ப்பதை, தேசிய வளிமண்டல ஆய்வு மையம் 2019-இல் நிறுத்திக்கொண்டு, பைத்தானுக்குத் திரும்பியது. காரணம் நியாயமானதே, ஆனால் அம்மொழியில் எழுதிய ஆயிரக்கணக்கானோர் மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. நிலப்படம் வரையும் 'பேஸ்மேப்' தொகுப்பின் பராமரிப்பு 2020-உடன் முடியும் என்று அறிவிக்கப்பட்டு, பிரிட்டன் வானிலை நிலையத்தில் பிறந்த 'கார்ட்டோப்பி'க்கு மாறுமாறு சொல்லப்பட்டது. பிறகு வேறு சிலர் முன்வந்து பேஸ்மேப்பையும் செப்பனிட்டுப் புதுப் பதிப்புகள் வெளியிட்டனர்.

2025 மே மாதத்தில் நிகழ்ந்தது எல்லாவற்றினும் கவலை தருவது. நெட்சிடிஎஃபையும் மெட்பையையும் காத்துவந்த யுனிடேட்டா, அரசின் அறிவியல் நிதி உரிய காலத்தில் வந்து சேராமையால், தன் பணிகளுள் பெரும்பாலானவற்றைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஊழியர் பலர் ஊதியமின்றி வீட்டில் இருக்க நேர்ந்தது. நிரல்கள் நம் கணிப்பொறிகளில் அப்படியேதான் இருந்தன. ஆனால் பிழை கண்டால் சொல்ல ஆளில்லை. கேள்விக்கு விடை தர ஆளில்லை. நாற்பதாண்டு காலம் நின்ற நிலையத்துக்கே இந்நிலை என்றால், தனி ஒருவர் காக்கும் நிரல்களின் நிலை என்ன?

விலைக்கு விற்றுவிட்டால் இத்தொல்லை இல்லையே என்று சிலர் கேட்கலாம். விற்றால், நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர் அதைத் தொடவும் முடியாது. மேலும், உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்று பார்க்க முடியாத நிரலின் விடையை, நம்பலாமேயன்றிச் சோதிக்க இயலாது. சோதிக்க இயலாதது அறிவியல் ஆகாது. விற்கும் நிறுவனம் மூடப்பட்டாலோ, நிரலும் அதனோடு பூட்டப்பட்டுவிடும். மேட்பிளாட்லிப்பையும் பேஸ்மேப்பையும் போல மற்றொருவர் எடுத்துக் காக்கும் வழி அங்கே இல்லை.

நாம் செய்யக்கூடியவை

நம்மிடம் கோடிக்கணக்கில் பணம் இல்லை. ஆனால் ஒன்றும் செய்ய இயலாது என்று இருந்துவிடுவதும் முறையன்று. என் அனுபவத்தில் கண்ட சிலவற்றை உடன் பயிலும் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1. திட்டக் கட்டுரையில் எந்த நிரலை, எந்தப் பதிப்பில் பயன்படுத்தினோம் என்று தவறாமல் எழுத வேண்டும். அண்ணன் அந்த ஒரு வரியை எழுதி வைத்திருந்தால், எனக்கு நான்கு நாள் மிச்சமாகியிருக்கும். நிதி கேட்கச் செல்வோர் தம் நிரல் எங்கெங்கே பயன்படுகிறது என்று காட்டவும் இக்குறிப்பு உதவும்.

2. பிழை கண்டால் ஓடவில்லை என்று மட்டும் சொல்லாமல், என்ன கொடுத்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது, எந்தப் பதிப்பு என நான்கையும் சேர்த்துக் காப்பவருக்கு எழுத வேண்டும். நோயாளி வலிக்கும் இடத்தைச் சொன்னால்தானே மருத்துவர் பார்க்க முடியும்?

3. நிரல் எழுதத் தெரியாதவரும் விளக்கவுரையைத் திருத்தலாம். நான் பயன்படுத்திய ஒரு சிறு தொகுப்பின் விளக்கத்தில், நீக்கப்பட்ட அந்தப் பழைய சொல்லே எடுத்துக்காட்டாக இருந்தது. இரண்டு வரித் திருத்தம் எழுதி அனுப்பினேன். பதினொரு நாள் கழித்து, முன்பின் அறியாத ஒருவர் ஓரிடத்தை மாற்றச் சொல்லி விடை எழுதினார், பிறகு ஏற்றுக்கொண்டார். அவர் அந்த விடையை எழுதிய நேரம் அவர் ஊரில் நள்ளிரவு கடந்திருந்தது. அவர் ஊதியத்துக்காக அதைச் செய்யவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

4. துறைதோறும் மாணவர் எழுதும் நிரல்களை ஓரிடத்தில் தொகுத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் செப்பனிட வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி வேறு இராது. இதற்குச் செய்முறை மதிப்பெண்களில் ஒரு சிறு பங்கை ஒதுக்குமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

முடிவுரை

நம் ஊர்களில் ஏரியை வெட்டியவர் பெயரைக் கல்லில் பொறித்து வைத்தனர். ஆண்டுதோறும் கோடையில் கூடித் தூர் வாரியவர்கள், கரையில் மண் கொட்டியவர்கள், மதகைச் செப்பனிட்டவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆயினும் ஏரியில் நீர் நின்றது அவர்களால்தான். அதற்குக் குடிமராமத்து என்று பெயரிட்டு, ஏரி நீரைக் கொள்வோர் யாவரும் அவ்வேலையில் பங்கு கொள்ள வேண்டும் என்ற நெறியையும் வகுத்திருந்தனர். நீர் பொது என்றால் தூரும் பொதுவே.

வானிலை நிரல்களும் அத்தகைய பொது ஏரியே. உலகத்தார் வெட்டிய ஏரியில் நாமும் நீர் முகக்கிறோம். ஒரு கூடை மண்ணாவது நாம் அள்ளிப் போட வேண்டாமா?

கட்டுரையை ஒப்படைத்த மறுநாள், அண்ணனின் நிரலைத் திருத்திய வடிவத்தில் துறைக் கணிப்பொறியில் வைத்துவிட்டேன். எந்தெந்தப் பதிப்பில் ஓடுகிறது, -999 என்றால் என்ன, தரவை எங்கே பெறலாம், எங்கே நின்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, ஆய்வக அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியுள்ளேன். சில ஆண்டுகளில் அந்நிரல் மீண்டும் நிற்கும், ஐயமில்லை. அப்போது அதைச் செப்பனிடும் தம்பியோ தங்கையோ, அத்தாளின் கீழே தம் குறிப்பையும் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்காகத் தாளில் பாதியைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.